எரிபொருளில் உலோகம் கலந்தால் உடலுக்கு என்ன நேரும்? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பொது சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (மெக்கானிக், மஞ்சக்குப்பம்): மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு திரவத்தை வாடிக்கையாளர் ஒருவர் பெட்ரோலில் ஊற்றி வருகிறார். பிளக்கைக் கழற்றினால் செங்கல் பொடி பூசியது போல் இருக்கிறது. இதனால் கெடுதல் உண்டா?

பதில்: அந்தச் செந்நிறப் படிவு பெரும்பாலும் இரும்பு அல்லது மாங்கனீசின் ஆக்சைடாகத்தான் இருக்கும். ஆக்டேனை, அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனை, உயர்த்துவதற்கு ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மமோ, எம்.எம்.டி. என்ற மாங்கனீசுச் சேர்மமோ கலக்கப்படுவதுண்டு. பெட்ரோல் எரிந்து வாயுவாகிவிடும். உலோகமோ பிளக்கில் ஒட்டியது போக, மிக நுண்ணிய தூசியாகச் சைலன்சர் வழியே வெளியேறும். கீரையிலும் தானியத்திலும் நாம் உண்ணும் மாங்கனீசில் மிகையானதைக் கல்லீரல் பித்தத்தோடு கழித்துவிடுகிறது. மூச்சோடு உள்ளே போவதற்கு அந்தக் காவல் இல்லாததால், அது நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகிறது. சுரங்கங்களில் பல ஆண்டுகள் அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த உடல் இறுக்கமும் நடைத் தடுமாற்றமும் வந்திருக்கின்றன. தெருப் புகையில் அளவு அதைவிட மிகக் குறைவுதான். ஆனாலும் வண்டிக்குத் தேவையே இல்லாத ஒன்றைப் பிறர் சுவாசிக்கும் காற்றில் ஏன் சேர்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்களும் பிளக்கைச் சுரண்டிவிட்டு வாயால் ஊதாதீர்கள்; ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, முத்தியால்பேட்டை): பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்திவிட்டார்களே, இன்னும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். (அது காரீயம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் வேறு உலோகம்.) பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மமான டெட்ரா எத்தில் லெட் 1923-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உலகமே அதை எரித்தது என்பதை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995-இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களிலும், 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்தது. ஆனால் ஈயம் மட்கிப் போவதில்லை. அன்று சாலையோர மண்ணில் படிந்தது அங்கேயே கிடக்கிறது. உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுவார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; தீங்கற்ற அளவு என்று எதையும் அது வரையறுக்கவில்லை. தெருவில் விளையாடிவிட்டு வரும் குழந்தை கை கழுவிய பிறகே சாப்பிடட்டும். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக ஏற்கும் என்பதால் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் கொடுங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடம் அருகில் இருந்தால், ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): விலை குறைவு என்று புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியக்கோயில் போய்ப் பெட்ரோல் போடுகிறோம். அதில் உலோகம் கூடுதலாக இருக்குமோ?

பதில்: இருக்காது. விலை வேறுபடுவது வரியால்தான். லிட்டருக்கு 0.005 கிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இரண்டு ஊருக்கும் ஒன்றே.