நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) பெரிய ஃபைல் அனுப்பும்போது பாதியில் நின்றுபோவது ஏன்?

சின்ன ஃபைல்கள் போய், 20 ஜிபி வீடியோ மட்டும் பாதியில் பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்றால் நெட்வொர்க் அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர்மேல் சந்தேகப்படலாம். அதற்குமுன் லிங்க் ஸ்பீடை, அதாவது கேபிள் இணைப்பு எந்த வேகத்தில் அமைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வேகம் நொடிக்கு 11 எம்பியை (மெகாபைட்) தாண்டாமல் அப்படியே நின்றால் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) இருக்கிறது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம், அதன் 8 கம்பிகளில் ஒன்று தொடர்பு விட்டிருக்கும். ஒழுங்கான கிகாபிட் லிங்க்கில் நொடிக்கு 110 எம்பி வரை வரும்.

லிங்க் சரியா? விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் அட்வான்ஸ்டு டேபில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணைத்து அதே ஃபைலை மறுபடி அனுப்பிப் பாருங்கள். பிறகு, தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வேலையை அடாப்டரிடம் விடும் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடை அணைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி எது என்றே தெரியாது. ஜம்போ ஃபிரேமை (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்டுகளை அனுப்பும் வசதி) யாராவது 9014 ஆக்கியிருந்தால் அணைத்துவிடுங்கள். நடுவிலுள்ள ஸ்விட்ச் அதை ஏற்காவிட்டால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலையும்.

அப்போதும் நின்றால் டிரைவரை மாற்றுங்கள். விண்டோஸ் அப்டேட் தருவதைவிட மதர்போர்டு தயாரிப்பாளர் தளத்தில் கிடைப்பதை முதலில் முயலுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் பழைய டிரைவருக்கே திரும்பும் ரோல் பேக் டிரைவர் போதும்.