மண்கிருமியின் வம்சம் இருக்கட்டும், முதலில் அந்தக் காய்ச்சலைப் பாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மா, மண்ணிலும் சேற்றிலும் இருந்து மெலியாய்டோசிஸ் என்ற காய்ச்சல் நோயைத் தரும் கிருமி எந்தக் குடும்பம், அது போர் ஆயுதமா, 'எந்த வகை' என்று மரபணுச் சோதனை செய்ய பினாங்கில் எங்கே போவது என்று நான்கு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரே ஒரு வரி: இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள கணவர் வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு சேறு அள்ளினார், ஒன்பது நாளாகக் காய்ச்சல், வீட்டில் மிச்சமிருந்த அமோக்சிசிலின் கொடுக்கிறீர்கள். என் பதில் அந்த வரிக்குத்தான்.

இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இது அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை, டெங்கியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆனால் இனிப்பு நீர், சேறு, இறங்காத காய்ச்சல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நான் காத்திருக்க மாட்டேன், ஏனென்றால் மெலியாய்டோசிஸுக்கு மிகவும் எளிதாக ஆட்படுபவர்கள் இனிப்பு நீர்க்காரர்கள்தான், ரத்தத்தில் பரவிவிட்டால் சில நாளிலேயே உயிரைப் பறிக்கும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ காரைத் தேடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

அமோக்சிசிலினை இனி நீங்களாகக் கொடுக்காதீர்கள். மெலியாய்டோசிஸ் கிருமி அதற்கு அடங்காது. கிருமி வேறாக இருந்தாலும் அரைகுறை மருந்து ரத்த கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவைக் குழப்பிவிடும். எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், இனிப்பு நீரையும் சேற்று வேலையையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். லேப் அதைத் தெரிந்து தேடாவிட்டால் இந்தக் கிருமியை வேறொன்று என்று தவறாக நினைத்துவிடும்.

சரி, வம்சக் கதை. 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள் முதலில் இதை விவரித்தார்கள். நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டனும் ஃப்ளெட்சரும், ஆக இது நம் மண்ணுக்குப் புதிய விருந்தாளி இல்லை. வெகுகாலம் சூடோமோனாஸ் என்ற பெயரில் இருந்ததை 1992-இல்தான் பர்கோல்டேரியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் கிருமி இதற்கு உடன்பிறப்பு என்று படித்திருக்கிறீர்கள். உடன்பிறப்பு இல்லை, பிள்ளை முறை. மண்கிருமியின் ஒரு கிளை விலங்கு உடம்புக்குள் குடியேறி, மண்ணில் பிழைக்கத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாக இழந்து அப்படி ஆனது. உங்களைத் தூங்கவிடாத அந்த ஆயுதச் செய்தியை விடுங்கள், உங்கள் வாசலில் இருப்பது சாதாரண மண்கிருமி. பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்கிறீர்கள், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது மிக மிக அரிது.

ஏழு மரபணுக்களை ஒப்பிட்டு வகை பிரிக்கும் சோதனை உண்மையில் இருக்கிறது. ஆஸ்திரேலிய வகைகளும் நம் பக்கத்து வகைகளும் தனித்தனிக் கிளை என்பதும், ஒரு கிருமி எங்கிருந்து வந்தது என்பதும் அப்படித்தான் தெரிகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது தங்கம். உங்கள் கணவருக்கு வேண்டியது கல்ச்சரும், எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்ற சோதனையும்தான். அந்த நோயே என்றால் குறைந்தது பத்து நாளாவது செஃப்டாசிடிம் போன்ற ஊசி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் நின்றதும் அதைப் பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும், அந்த மூன்று மாதமும் மாத்திரையை நீங்களே எண்ணிக் கொடுங்கள்.

மீதிச் சேற்றை அள்ளப்போகும் மகனுக்கு பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அது நாளைக்கு. இன்றைக்கு மருத்துவமனை.