கேள்வி – பதில்: தையல் போட்ட செருப்பு

கேள்வி: என் கணவர் அறுந்த செருப்பைத் திரும்பத் திரும்பத் தைத்துத்தான் போடுகிறார். அண்மையில் ஒரு கலியாண வீட்டு வாசலில் அந்தத் தையல் போட்ட செருப்பைக் கண்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதுச் சோடி வாங்கக் காசில்லாத குடும்பம் இல்லை நாங்கள். இது சிக்கனமா, கஞ்சத்தனமா?
– வாசகி, விசுவமடு

பதில்: கலியாண வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்குள்ளே உங்கள் கணவருடையதைத் தேடிப் பார்த்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு, தாங்கள் திரும்பும்வரை தங்களுடையது அங்கே கிடக்குமோ என்ற கவலை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தை வன்னியில் கழித்தவர் என்றால், எதையும் லேசில் எறிய அவருக்கு மனம் வராது. அந்தப் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும், 2022 இல் ரூபா சரிந்து விலைவாசி எகிறியபோது கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஆனாலும் அவர் பக்கம் முழுதாகச் சாய நான் தயாரில்லை. செருப்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். வார் அறுந்தது, தையல் விட்டது என்றால் தைப்பதுதான் சரி. குதிப்பக்கம் தேய்ந்து தகடாகி, ஒரு பக்கம் சரிந்து நடக்கிறார் என்றால் அதற்கு மேல் தைப்பது வீண். மாரியில் கிரவல் றோட்டுச் சேற்றில் வழுக்கி விழுந்தால், மிச்சம் பிடித்த காசு முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

எப்படித் தைக்கிறார் என்பதையும் கேளுங்கள். ஊக்கைக் குத்திக்கொண்டும் ஆணி அடித்துக்கொண்டும் திரிகிறார் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நீரிழிவு முற்றியவருக்குக் கால் மரத்திருக்கும். ஆணி முனை மேலே வந்து குத்துவது தெரியாது. பின்னேரம் செருப்பைக் கழற்றும்போது இரத்தத்தைக் கண்டுதான் அறிவார். அந்தச் சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற அளவுக்குப் போவதுண்டு. வயலில் இறங்குகிறவர் என்றால் இன்னொன்று: காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வாசல்.

தொழில் தெரிந்தவர் கையில் கொடுத்தால் கதை வேறு. பழைய நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, அடியின் கீழ்ப்பக்கம் கத்தியால் மெல்லிய கீறல் ஒன்று போடுவார். பிறகு குத்தூசியை இறக்கி, நூலைக் கொளுவி இழுத்து, ஒவ்வொரு தையலையும் அந்தக் கீறலுக்குள்ளே புதைப்பார். நூல் வெளியே நின்றால் றோட்டில் உரஞ்சி சீக்கிரம் அறுந்துவிடும். தைத்து வந்த செருப்பைக் கவிழ்த்து விரலால் தடவிப் பாருங்கள். நூல் விரலில் தட்டுப்படாவிட்டால் கேட்ட காசைக் கொடுக்கலாம், பேரம் பேச வேண்டாம்.

வீட்டில் ஒட்டுவது சின்ன வேலைக்குச் சரி. சைக்கிள் கடைச் சொலூசனை இரண்டு பக்கமும் பூசி, பசை கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் அமர்த்த வேண்டும். ஈரத்தோடு அமர்த்திவிட்டு, பசை கூடாது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். சூப்பர் குளூ வேண்டாம். இறுகிக் கண்ணாடிபோல் ஆகி, கால் மடங்குமிடத்தில் வெடிக்கும்.

அப்புறம், செருப்புத் தைப்பவரிடம் அறுந்த செருப்பு மட்டுமா போகிறது? போரில் காலை இழந்தவர்கள் எத்தனை பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்! பொய்க்காலின் பாதம் விரலால் செருப்பைப் பற்றாது. கடையில் வாங்கிய புத்தம் புதுச் செருப்பானாலும், குதிக்குப் பின்னால் ஒரு பட்டி வைத்துத் தைத்தால்தான் காலோடு நிற்கும். அதைச் செய்துதர ஒரு தையற்காரர் வேண்டும். அந்தத் தொழிலைச் சாதியின் பெயரால் கீழே தள்ளி வைத்தோம். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போனால் அதில் பிழை இல்லை. இப்போது "தைக்க ஆளில்லை" என்று குறைப்படுகிறோம். உங்களுக்கு வந்த வெட்கத்திலும் அந்தப் பழைய வாடை கொஞ்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, புதுச் சோடி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பார்க்க வடிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மெத்தென்ற, பாரமில்லாத பொலியூரித்தேன் அடி நம் ஈரக் காற்றில் போடாமல் கிடந்தாலே சில வருடங்களில் உள்ளிருந்து உதிர ஆரம்பிக்கும். அதை எந்தத் தையற்காரராலும் காப்பாற்ற முடியாது. ஓரம் சுற்றித் தைத்த ரப்பர் அடியாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை விசேஷத்துக்கென்று அலுமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள். மனுசன் போட்டு நடக்கட்டும்.