கோழிகளை அடைத்து வைக்க மனமில்லை. ஆனால் திறந்துவிட்டால் கீரி, பருந்து, நாய் என்று பயம். என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. நத்தம் பக்கம், வேலிக்கு அந்தப்புறம் மாந்தோப்பு. நீங்கள் கேட்ட பயம் எனக்கும் இருந்தது. பகல் முழுக்கத் திறந்துவிடுகிறேன், ஆனால் இருட்டுவதற்கு முன் ஒன்று விடாமல் அடைத்துவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை ஒரு கோழியை இழந்துதான் கற்றுக்கொண்டேன். கறுப்பி என்று ஒரு பெட்டை. செருப்பைக் கழற்றி வைத்தால் கொத்திப் பார்க்கும், வாளியைக் கவிழ்த்தால் அடியில் என்ன என்று ஓடி வரும். மாலையில் கடைசியாகக் கூட்டுக்கு வருவதும் அதுதான். ஒரு நாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்ப ஏழரை ஆகிவிட்டது. கறுப்பி முருங்கை மரத்தில் தாழ்வான கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் மரத்தடியில் இறகுதான் கிடந்தது. மரநாயாகத்தான் இருக்க வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

இப்போது ஐந்தரை மணிக்கு டப்பாவில் ஒரு கைப்பிடி கம்பைப் போட்டுக் குலுக்குகிறேன். எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடும். மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே போடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாள்.

கூட்டுக்கு, கோழி வலை என்று கடையில் தரும் மெல்லிய அறுகோண வலை போதாது. அது கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை வாங்குங்கள். கண் பெரிதாக இருந்தால் மரநாய் போன்றவை வெளியிலிருந்தே தன் காலை உள்ளே விட்டுக் கோழியை இழுத்துவிடும், பாம்பும் நுழையும். அடியில் தோண்டி வராமலிருக்க வலையை ஓர் அடி வெளிப்பக்கம் மடக்கித் தரையில் பரப்பி, மேலே கல் அடுக்கினேன். முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

கீரி பகலில் வரும் பிராணி. அதனால் வேலியோரப் புதரை மட்டும் வெட்டி, ஆள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன். முற்றத்தின் நடுவில் உள்ள செடிகளை வெட்டவில்லை, பருந்து வந்தால் கோழி ஓடி ஒளிய அவைதான் இடம். பொறி, விஷம் பக்கம் போக வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். விஷம் உங்கள் கோழியையும் பக்கத்து வீட்டு நாயையும் சேர்த்தே கொல்லும்.

ஒரு நல்ல சேவல் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சேவல் மேய்ந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். மேலே பருந்து என்றால் நீளமாக ஒரு மெல்லிய சத்தம்; பெட்டைகள் செடிக்கடியில் பாய்ந்து அசையாமல் கிடக்கும். தரையில் நாயோ பூனையோ வந்தால் விடாமல் கொக்கொக் என்று கத்தும். இரண்டு சத்தத்தையும் காது பழக்கிக்கொள்ளுங்கள், எங்கே ஓட வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

குஞ்சுகள்தான் கவலை. பருந்து, வல்லூறு மட்டுமல்ல, காகம்கூடத் தூக்கிவிடும். பொரித்த முதல் சில வாரங்கள் தாயோடு பஞ்சாரத்துக்குள், அதாவது கவிழ்த்து மூடும் கோழிக்கூடைக்குள் வையுங்கள். காலையிலும் மாலையிலும் நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவேன். அந்த அரை மணி நேரத்தில் குஞ்சுகள் எறும்பைத் துரத்தி, மண்ணைக் கீறி, என் கால்விரல் நகத்தையும் கொத்திப் பார்த்துவிட்டு, தாய் கூப்பிட்டதும் ஓடும்.