பட்டம் வாங்கிய பிறகு வரும் மாதங்கள்

வணக்கம் ஐயா,

என் தம்பி பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைக்கும் நாள்களில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறான். ‘கலாம் பிறந்த மண்ணில் படித்தும் பயனில்லையே’ என்று அம்மா புலம்புகிறார். அவனைப் படிக்க வைத்தது தவறா?

– ச., தங்கச்சிமடம்

அன்புள்ள ச.,

தவறே இல்லை. ஆனால் அம்மாவின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பங்கேற்று 2024இல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடுதான். படிப்பு வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. படிக்காதவர் நான்கு நாள் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது என்பதால் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். அப்படிக் காத்திருக்க யாரால் முடிகிறது என்பதுதான் கேள்வி.

மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கும் ஓர் அம்மாவை அறிவேன். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குபவர். மகள் எம்.எஸ்சி. முடித்ததும் சென்னையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அந்த வாரம் காற்று பலமாக இருந்ததால் பாசி எடுக்கப் போகவில்லை, கையில் காசில்லை. மகள் ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். விடுப்புக் கிடைக்காமல் அடுத்த இரண்டு போட்டித் தேர்வுகளையும் தவறவிட்டாள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண், 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1000 ரூபாய் பெரிய துணை. ஆனால் அது படிப்போடு நின்றுவிடுகிறது. பேருந்துக்கும் தங்குமிடத்துக்கும் காசு தேவைப்படுவதோ அதற்குப் பிறகுதான். வேலையில்லாப் பட்டதாரிக்கான மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் பொதுவாகப் பதிவுசெய்து ஐந்தாண்டு கழித்தே கிடைக்கும். பொறியியல் படித்த உங்கள் தம்பிக்கு அதுவும் இல்லை. பட்டம் பெற்ற முதல் ஓராண்டுக்காவது உதவி தொடர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர்வதற்காகத் தம் அக்கா வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். அந்த நாள்களில் தம்பி தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் தங்கி வேலை தேட என்ன செலவாகும் என்று இப்போதே கணக்கிட்டு, சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். என் பழைய மாணவர்கள் இருவர் அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். தம்பியை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.