தள்ளாட்டம் போகட்டும், தலைவலி உண்டா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. சின்னம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய சில நாளில் நடை தள்ளாட ஆரம்பித்தது. டம்ளரை எடுத்தால் கை நடுங்குகிறது; பேச்சும் குழறுகிறது. பரிசோதித்த குழந்தை மருத்துவர் தானாகச் சரியாகும் என்றார். இணையத்திலோ சிறுமூளை வீங்கி உயிரே போகும் என்று போட்டிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தலைசுற்றல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவருகிறேன். சீக்கிரம் குளிப்பாட்டியதுதான் காரணமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். உங்கள் மகனுக்கு இருப்பது தலைசுற்றலே இல்லை. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, சில குழந்தைகளுக்கு, நடை, கை அசைவு, பேச்சைச் சீராக வைக்கும் சிறுமூளையையும் சீண்டிவிடும். அதனால் வரும் தடுமாற்றம் பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு 2, 3 மாதங்களில் போய்விடும். அதுவரை மாடிப்படியில் தனியாக விடாதீர்கள். குளிப்பாட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இணையத்தில் படித்தது பொய்யல்ல; ஆனால் அரிது. சிறுமூளை இருப்பது பிடரிப் பக்கம், நெருக்கமான எலும்புக் குழிக்குள். அதற்கு முன்னால் மூளைத்தண்டு; இடையில் மூளைநீர் ஓடும் வழி. வீக்கம் அதிகமானால் அந்த வழி அடைபட்டு நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

அதைக் காட்டிக்கொடுப்பது தள்ளாட்டம் அல்ல. விடாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, அப்புறம் தூக்கம். கூப்பிட்டால் கண் திறப்பான், பதில் சொல்லும் முன்பே மறுபடி சொருகிக்கொள்வான். இந்தத் தூக்கத்துக்குத்தான் நான் பயப்படுவேன். உங்கள் மாத்திரைமேல் எனக்குக் கோபமும் அதனால்தான். தலைசுற்றல் மாத்திரைகள் பலவும் தூங்க வைப்பவை. நாளைக்கு அவன் துவண்டு கிடந்தால், காரணம் மாத்திரையா வீக்கமா என்று பார்க்கிற டாக்டர் திணற வேண்டியிருக்கும்.

அப்படி ஆனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. வசதியும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேரே போய், அம்மை வந்ததையும் மாத்திரை கொடுத்ததையும் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பார்கள், தேவைப்பட்டால் தேங்கிய நீரை வடிப்பார்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள், அவனுக்குத் தலைவலியோ வாந்தியோ உண்டா என்று ஒரு வரி எழுதவில்லை. இருந்தால் இப்போதே கிளம்புங்கள். இல்லையென்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சொன்னதுதான் சரி.