மாத்திரைக்கு அடங்காத வலிப்பு: ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: தம்பிக்கு 26 வயது. மூன்று மாத்திரை மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை. ஸ்கேனில் இடது ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதி) சுருங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் பலன் தருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் நிற்காவிட்டால், மாத்திரையை மாற்றிக்கொண்டே வருடங்களை வீணாக்காதீர்கள். தம்பிக்கு இருப்பது, சுருங்கிய அந்தப் பகுதியை அகற்றும் ஆபரேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. 2001-ல் வெளியான கனடா ஆய்வில், ஆபரேஷன் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு நின்றிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம்தான்.

ஸ்கேன் மட்டும் போதாது. வார்டில் சில நாள் தங்கவைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பையே வீடியோ இ.இ.ஜி.யில் (மூளையின் மின் அலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதியும் சோதனை) பதிவு செய்வார்கள். (வீட்டில் நீங்களாகக் குறைக்காதீர்கள், விடாத வலிப்பு உயிருக்கே ஆபத்து.) வலிப்பு தொடங்கும் இடமும் ஸ்கேன் காட்டும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

பெரும்பாலோருக்குச் சொற்களின் நினைவு இடது பக்கம் என்பதால் நினைவாற்றல் சோதனை மிக முக்கியம். இப்போது நினைவாற்றல் நன்றாக இருப்பவருக்குத்தான் இழப்பும் அதிகம். பெயர்கள் சட்டென வராமல் போகலாம். வலது மேல்மூலைப் பார்வையும் சற்றுக் குறையலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் மாத்திரை தொடரும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இதைச் செய்கிறார்கள். போகும்போது பழைய மருந்துகளை அளவோடு எழுதி, வலிப்பின் செல்போன் வீடியோவையும் கொண்டுபோங்கள். இரண்டு கைகளும் தெரியும்படி எடுங்கள்: வலது கை முறுக்கிக்கொண்டு, இடது கை சட்டையைத் துழாவினால் அது இடது மூளையைக் காட்டும் நல்ல தடயம்.